கட்டு என்றால் எத்தனை

பணம் வந்தபோது சித்திரை கழிந்திருந்தது.
எதற்கு என்று கேட்டார் கச்சேரிக் கணக்காளர்.
புகையிலைக்கு என்றேன்.
நிமிர்ந்து பார்த்தார்.
புகையிலைக்கு இல்லை ஐயா,
புகையிலையைப் பற்றிய ஆய்வுகள்
ஒன்று சொல்வது மற்றதற்கு விளங்குவதற்கு.
வவுச்சரில் அவர் எழுதினார்:
'வேறு'.

மூதூர்ப் படிவத்தில் 'புகைப்பவரா?' என்று இருந்தது.
கிண்ணியாவில் 'பழக்கங்கள்' என்று ஒரு கோடு,
கோட்டின்மேல் தாதியின் அன்றைய மனம்.
நகரத்துப் பெரிய வைத்தியசாலையில்
நாளொன்றுக்கு எத்தனை என்று ஒரு சதுரம்.
அதற்குள் ஓர் இலக்கம்தான் அடங்கும்.
பத்துப் பிடிப்பவன்
அங்கே ஒன்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

உதுமாலெப்பைக் காக்கா
மூன்று இடத்திலும் படுத்து எழும்பியவர்.
ஓரிடத்தில் புகைப்பவர்,
ஓரிடத்தில் விட்டவர்,
ஓரிடத்தில் வாழ்நாளில் தொடாதவர்.
கணினிக்குள் மூன்று பேராக இருமினார்.
அவர் புண்ணியத்தில்
மாவட்டத்தின் சராசரி சற்றே நலமாக இருந்தது.

உட்துறைமுக வீதியில் மாடி அறை.
றிஸ்மியா, அனோமா, நான், ஒரு மின்விசிறி.
பொதுவரையறை, முதலாம் நாள்:
பீடி ஒரு கட்டு என்றால் எத்தனை?
இருபது என்றாள் றிஸ்மியா.
இருபத்தைந்து என்றாள் அனோமா.
வாகனச் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்ற செபமாலை சொன்னார்,
"காசுக்கெண்டா இருவத்தஞ்சு,
கடனுக்கெண்டா பதினெட்டு."
அன்று மத்தியானம் வரைக்கும் நாங்கள் பதினெட்டிலேயே நின்றோம்.

இரண்டாம் நாள், வினைச்சொல்.
சிங்களத்தில் சிகரெட்டைக் குடிக்கிறார்கள்.
நாங்கள் பத்துகிறோம், இழுக்கிறோம், ஊதுகிறோம்.
சப்புகிறவர்களை எங்கே போடுவது?
சிவந்த வாயோடு ஒருத்தி
உப்புவெளியில் என்னிடம் சத்தியம் பண்ணினாள்,
"பொயிலையே தொடுறேல்ல தங்கச்சி,
வெத்திலை மட்டும்தான்."
கீழே, வாசலில் கட்டிவைத்த பழைய படிவங்களை
நகரத்து மான் ஒன்று தின்றுகொண்டிருந்தது,
அவசரமில்லாமல், பக்கம் பக்கமாக.

பரிசோதனைக்குக் கிண்ணியா போனோம்.
உதுமாலெப்பைக் காக்கா கதிரையில் முன்னால் சாய்ந்து
முழங்காலில் கையூன்றி இருந்தார்.
நாளொன்றுக்கு எத்தனை?
"கடலுக்குப் போனா ஆரு புள்ள எண்ணுற.
கரையிலயிருந்து வல போடுற எடம் மூணு பீடி.
அங்கால பாருக்கு இன்னும் ரெண்டு.
காத்து மாறினா ஒண்டு கூடும்."
நான் புகையிலையை அளக்கப் போயிருந்தேன்.
அவர் புகையிலையால் கடலை அளந்து வைத்திருந்தார்.

இப்போது?
"இப்ப மூச்சுக் கணக்கு.
கிணத்தடிக்குப் பதினொண்டு.
பள்ளிவாசலுக்கு..."
கையை விரித்தார்.

எப்போது விட்டீர்கள்?
இந்தக் கேள்விக்கு நாங்கள்
நான்கு நாள் சண்டை பிடித்திருந்தோம்:
பன்னிரண்டு மாதம், இடையில் ஒன்றுகூட இல்லாமல்.
"நான் எங்க புள்ள விட்ட,
அதுதான் என்ன விட்டிட்டுப் போயிட்டு."
குறியீடு இரண்டு, முன்னாள் பாவனையாளர்.

அன்றிரவு மூன்று உதுமாலெப்பைகளையும்
ஒரே வரியில் கொண்டுவந்து நிறுத்தினேன்.
இணைக்கவா என்று கேட்டது கணினி.
ஆம்.
மாவட்டம் பழையபடி கொஞ்சம் நோயுற்றது.
இதற்குத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருகிறது.

நாற்பத்தொரு நிரல்கள்.
கடைசியில், நான் பிடிவாதமாகச் சேர்த்தது,
'பதிலாளி சொன்னபடி'.
அறுபது எழுத்துக்கு மேல் ஏற்காது.
மூன்று பீடி ஏறியது, காற்று மாறியது,
கிணற்றடிக்குப் போகும் வழியில்
வெட்டுப்பட்டு நிற்கிறது.

இரண்டாம் தவணைக் கோரிக்கையில் ஒரு வரி எழுதினேன்:
இந்தப் பெட்டியைப் பெரிதாக்க.
ஆவணி முடியத் திரும்பி வந்தது கோப்பு.
ஓரத்தில் பச்சை மையில் 'எவ்வளவு?'
தாளில் சுருட்டு வாசம்.